ரதிக்கு ஒரு கதை கேட்பது எப்படி? ரசிகர் புனைவுப் பரிமாற்றத்தில் பிராம்ப்ட் எழுதுதல்

மாசி மாதம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். ஈசனின் தவத்தைக் கலைக்கச் சொல்லி மன்மதனுக்கு அழைப்பு வந்துவிட்டது. அவன் புறப்படுகிறான். போக வேண்டாம் என்று ரதி மறிக்கிறாள். அவள் சொல் கேளாமல் போகிறான், எரிகிறான். விடியக் கூத்து முடிந்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கேள்வியும் கூடவே நடந்து வரும்: அவன் வாசலைத் தாண்டிப் போனதிலிருந்து சேதி வந்து சேரும் வரைக்கும் ரதி என்ன செய்துகொண்டிருந்தாள்? கூத்துக்காரருக்கு அதைக் காட்ட நேரமில்லை. அந்த விடுபட்ட இடத்தில் ஒரு ரசிகர் உட்கார்ந்து எழுதுவதுதான் ஃபேன் ஃபிக்ஷன், தமிழில் ரசிகர் புனைவு. “அந்த இடத்தை எனக்காக எழுதித் தாருங்கள்” என்று இன்னொருவரிடம் கேட்கும் குறிப்புக்குப் பெயர் பிராம்ப்ட்.

இப்படிக் கேட்ட கதையை ஒருவருக்கொருவர் எழுதிப் பரிசாகக் கொடுப்பதுதான் பரிசுப் பரிமாற்றம். அதை நடத்தப் பெரிய கூட்டம் தேவையில்லை. ஹட்டனில் இருவர், தலவாக்கலையில் இருவர், பதுளையில் மூவர், கொழும்பில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்தாலே நடத்திவிடலாம். ஒவ்வொருவரும் இரண்டு பட்டியல் கொடுப்பார்கள். ஒன்று, எந்த மூலக்கதையில் எந்தப் பாத்திரங்களைப் பற்றித் தமக்குக் கதை வேண்டும் என்பது. மற்றது, எவற்றைப் பற்றித் தம்மால் எழுத முடியும் என்பது. நடத்துபவர் இரண்டையும் பொருத்திப் பார்த்து, யார் யாருக்கு எழுதுவது என்று தனித்தனியாக அறிவிப்பார். தான் யாருக்கு எழுதுகிறோம் என்பது எழுதுபவருக்குத் தெரியும். தனக்கு எழுதுவது யார் என்பது பெறுபவருக்குத் தெரியாது. குறித்த நாளில் எல்லாக் கதைகளும் ஒன்றாகத் திறக்கப்படும். எழுதியவர்களின் பெயர் அதற்குச் சில நாள் கழித்து வெளிவரும்.

இந்த வகையில் உலகளவில் பேர்போனது யூல்டைட். 2003இல் தொடங்கி ஆண்டிறுதிதோறும் நடக்கிறது. அதிகம் பேர் எழுதாத மூலங்களுக்கு மட்டுமே அதில் இடம். கதை குறைந்தது 1000 சொல் இருக்கவேண்டும். கதைகள் டிசெம்பர் 25இல் திறக்கும், பெயர்கள் ஜனவரி 1இல் வெளிவரும். அது நடப்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுக் களஞ்சியத்தில். 2009இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அந்தக் களஞ்சியத்தில், விருப்பங்களைத் தானாகவே பொருத்தித் தரும் வசதி இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒரு கூகுள் ஃபோர்ம், ஒரு கொப்பி, பொறுமையான ஒருவர் போதும்.

இனி பிராம்ப்டுக்கு வருவோம். புதிதாகச் சேர்பவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது.

எழுதுபவர் உங்களிடம் கேட்க முடியாது

எல்லாவற்றுக்கும் முன்னால் மனதில் வைக்கவேண்டியது இதுதான். உங்களுக்காக எழுதப்போகிறவர் உங்களோடு நேரே பேசமாட்டார். பேசினால் இரகசியம் உடைந்துவிடும். நடத்துபவர் வழியாகக் கேள்வி கேட்கலாம் என்று விதி இருக்கும், ஆனால் பெரும்பாலானவர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பு மட்டும். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் போனில் அதைத் திறந்து, “எங்கே தொடங்கலாம்?” என்று தேடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்னென்ன கேட்பாரோ, அவற்றுக்கெல்லாம் குறிப்பிலேயே பதில் இருக்கவேண்டும்.

அதில் எழுதுவனவற்றில் இரண்டு மட்டுமே எழுதுபவரைக் கட்டுப்படுத்தும். முதலாவது, நீங்கள் கேட்ட மூலக்கதையும் பாத்திரங்களும். ரதியைக் கேட்டிருந்தால் கதையில் ரதி இருந்தே ஆகவேண்டும், அதுவும் ஓரமாக வந்துபோகிறவளாக இருக்கக்கூடாது. இரண்டாவது, வேண்டாதவற்றின் பட்டியல். ஆங்கிலத்தில் எழுதும் ரசிகர்கள் இதைச் சுருக்கமாக டி.என்.டபிள்யூ. என்பார்கள். மற்றதெல்லாம், அதாவது பிராம்ப்ட்கள், பிடித்தவை, ஆசைகள் எல்லாமே, எழுதுபவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். நீங்கள் கொடுத்த ஐந்து பிராம்ப்டில் ஒன்றையும் தொடாமல், ரதியைப் பற்றிப் புதிதாக ஒன்றை அவர் எழுதினாலும் அது விதிப்படி சரியான பரிசு. இதை மனதார ஏற்றுக்கொண்டு எழுத உட்கார்ந்தால் குறிப்பின் குரலே மாறிவிடும். கட்டளை போய் அழைப்பு வரும்.

எந்தக் கூத்து, எந்தச் சீதை?

ஒரே கதை பல ஊரில் பல விதமாக வழங்குவது நம் பக்கத்தில் சாதாரணம். காமன் கூத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒவ்வொரு விதமாக ஆடுகிறார்கள். பாட்டு மாறும், வரும் பாத்திரங்களின் வரிசை மாறும், சில இடங்களில் ஒரு காட்சி நீளும், சில இடங்களில் அது இல்லாமலே போகும். பண்டாரவளைப் பக்கத்தில் பார்த்தவர் கேட்கும் கதைக்கு நோர்வூட் பக்கத்தில் பார்த்தவர் பொருத்தப்படலாம். இருவரும் “காமன் கூத்து” என்றே பட்டியலில் எழுதியிருப்பார்கள். ஆனால் இருவர் மனதிலும் இருப்பது ஒரே ரதி என்று சொல்லமுடியாது.

சீதை விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் வழியில் சீதாஎலியவில் இருக்கும் சீதையம்மன் கோயிலைத் தெரியாதவர் மலையகத்தில் குறைவு. அசோகவனத்தில் சிறையிருந்த சீதைக்கும் அவளுக்குத் துணையாக இருந்த திரிசடைக்கும் இடையிலான நட்பைக் கதையாகக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். கம்பர் காட்டும் திரிசடை விபீடணனின் மகள். வால்மீகி காட்டும் திரிசடை வயது முதிர்ந்த அரக்கி. நீங்கள் கேட்பது இரண்டு இளம்பெண்கள் தோழிகளாகும் கதையா, ஒரு மூதாட்டி ஓர் இளம்பெண்ணைத் தேற்றும் கதையா? எந்த மூலம் என்று சொல்லாவிட்டால் எழுதுபவர் தனக்குத் தெரிந்ததை எழுதுவார். அது உங்கள் மனதிலிருந்த திரிசடையாக இல்லாமற்போனால் பிழை அவருடையது அல்ல.

ஆகவே ஒவ்வொரு மூலக்கதைக்கும் தலைப்பிலேயே இரண்டு வரி எழுதுங்கள். எந்த வடிவம் உங்கள் மனதில் இருக்கிறது, வேறு வடிவம் வந்தால் சம்மதமா இல்லையா என்பது போதும். “கம்பர் வழிப்படி திரிசடை விபீடணன் மகளாக இருக்கட்டும். மற்ற விவரங்களில் எந்த மரபை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.” வாய்மொழிக் கூத்து என்றால் கதைச் சுருக்கத்தை ஏழெட்டு வரியில் கொடுத்துவிடுவது பெரிய உதவி. எழுதுபவர் பார்த்த கூத்துக்கும் நீங்கள் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். பாத்திரத்தைக் கேளுங்கள், வேஷம் கட்டியவரைக் கேட்காதீர்கள். ரதி வேஷம் கட்டிய உங்கள் தோட்டத்து அண்ணன் உயிரோடு இருக்கும் ஒரு மனிதர். அவருடைய குடும்பத்தையும் மனதையும் கற்பனை செய்து எழுதச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, எழுதுபவருக்கும் நியாயமில்லை. “கூத்தில் ரதி வேஷம் கட்டும் ஓர் இளைஞன்” என்று கற்பனைப் பாத்திரமாகக் கேட்பதில் தவறில்லை, நடத்துபவர் அதற்கு இடம் கொடுத்தால்.

வெறுமையும் நெரிசலும்

பிராம்ப்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு வழியில்.

முதல் வழி: “ரதியைப் பற்றி ஏதாவது எழுதுங்கள். எதுவென்றாலும் பரவாயில்லை.” இதைத் தன்மையான பேச்சு என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டால் “எதுன்னாலும் பரவால்லீங்க” என்கிற அதே பண்பு. ஆனால் அடுப்படியில் நிற்பவருக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோசனமும் இல்லை. ரொட்டி தட்டுவதா, சோறு வடிப்பதா என்று அவர் தடுமாறுவார். எழுதுபவரும் அப்படித்தான். எதை எழுதினாலும் பிடிக்கும் என்றால் எது உண்மையில் பிடிக்கும் என்று தெரியாமல், நான்கு தரம் தொடங்கி நான்கு தரம் அழிப்பார்.

இரண்டாவது வழி இதற்கு நேரெதிர். “மன்மதன் போன மறுநாள் காலை ரதி விளக்கேற்றுகிறாள், விளக்கு அணைகிறது, அவள் இந்திரனிடம் போய்ச் சண்டை போடுகிறாள், இந்திரன் மன்னிப்புக் கேட்கிறான், அப்போது அவள் நீண்ட வசனம் ஒன்று பேசவேண்டும், கடைசியில் ஈசனே இறங்கி வரவேண்டும்.” இது நன்றாகவே இருக்கலாம். ஆனால் கதை ஏற்கனவே உங்கள் தலைக்குள் முடிந்துவிட்டது. எழுதுபவருக்கு மிச்சமிருப்பது பிரதியெடுக்கும் வேலை. உங்கள் மனதிலிருக்கும் அந்தப் படத்தோடு அவர் எழுதியது ஒருபோதும் சரியாகப் பொருந்தாது, பொருந்தாதபோது இருவருக்கும் வருத்தம். இப்படி முழுதாக ஒரு கதை வந்துவிட்டால் அதை நீங்களே எழுதிவிடுங்கள். அதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்று:

“மன்மதன் புறப்பட்ட பிறகு, சேதி வரும் வரை ரதி தனியாக இருக்கும் நேரம்தான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருப்பது. நடக்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை, திரும்பி வந்துவிடுவான் என்று இன்னும் நம்புகிறாளா? கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருப்பாளா? துணைக்கு யாராவது வந்து உட்காருவார்களா? ஓர் இரவுக்குள் அடங்கும் சின்னக் கதையாக இருந்தாலே எனக்கு நிறைவு.”

இதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். முதல் வாக்கியம் உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. கேட்பவர் தன் ஆசைக்குக் காரணம் சொல்லிவிட்டால், எழுதுபவர் வேறு வழியில் போனாலும் அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவார். அடுத்த மூன்றும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பதில் சொல்லலாம், எந்தப் பதிலும் தப்பாகாது. கடைசி வாக்கியம் அளவைப் பற்றிய பயத்தைப் போக்குகிறது. மொத்தம் ஐந்து வாக்கியம். ஒரு பிராம்ப்டுக்கு மூன்று முதல் ஐந்து வாக்கியம் தாராளம். எட்டைத் தாண்டினால் நீங்கள் கதை சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வியை எங்கிருந்து எடுப்பது? மூலக்கதையில் காட்டாமல் விட்ட நேரத்திலிருந்து எடுக்கலாம், மேலே உள்ளதைப் போல. கதை முடிந்த பிறகு என்ன என்று கேட்கலாம். மன்மதன் உயிர் பெற்றாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அப்படிப்பட்ட புருஷனோடு குடும்பம் நடத்துவது எப்படியிருக்கும்? சந்தைக்குப் போகும் வழியில் அவனோடு பேசிக்கொண்டே நடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இதைச் சிரிக்கச் சிரிக்கவும் எழுதலாம், நெஞ்சு கனக்கவும் எழுதலாம். இரண்டும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் எழுதுபவர் தன் கைக்கு வருவதை எடுத்துக்கொள்வார். ஒரு திருப்பத்தை மாற்றியும் கேட்கலாம்: அன்றிரவு ரதி சொன்னதை அவன் கேட்டிருந்தால்? பொன்னர் சங்கர் கதையில் படுகளத்துக்கு அண்ணன்மாரைத் தேடிப் போகும் தங்காளை எடுத்து, அந்த வழிநடையை மட்டும் கேட்கலாம். யாரிடம் வழி கேட்டாள், எங்கே தண்ணீர் குடித்தாள், எந்த இடத்தில் திரும்பிவிடலாமா என்று நின்றாள்? சின்னச் சின்ன உடல் விவரங்களைக் கேட்கும் பிராம்ப்டுக்கு எழுதுபவர்களின் கை சட்டென்று நீளும், ஏனென்றால் முதல் காட்சி அதிலேயே கிடைத்துவிடுகிறது.

ஒரு மூலக்கதைக்கு மூன்று அல்லது நான்கு பிராம்ப்ட் வைத்தால் நல்லது. நான்கும் ஒரே சாயலில் இருந்தால் பயனில்லை. நான்கிலும் ரதி அழுகிறாள் என்றால் நீங்கள் கொடுத்தது ஒரே பிராம்ப்ட்தான். ஒன்று உருக்கம், ஒன்று சிரிப்பு, ஒன்று “அப்படி நடந்திருந்தால்”, ஒன்று முழுக்க வேறிடத்தில் என்று விரித்து வையுங்கள். அழுகைக் கதை எழுத வராத ஒருவர் உங்களுக்கு வாய்த்தால் அவருக்கும் ஒரு வாசல் இருக்கவேண்டும்.

பட்டியலில் கேட்காத பாத்திரத்தைப் பிராம்ப்டில் நடுநாயகமாக வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ரதி, மன்மதன் என்று இரண்டு பேரை மட்டும் கேட்டுவிட்டு, நான்கு பிராம்ப்டில் மூன்றை ஓலை கொண்டுவரும் தூதனைச் சுற்றி எழுதினால் எழுதுபவர் குழம்புவார். அவர் ரதியை எழுதத்தான் முன்வந்தார், தூதனை எழுத முன்வரவில்லை. தூதன் வேண்டுமென்றால் பெயர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

வேண்டாதவை

இந்தப் பட்டியல் சட்டம் என்பதால் இதைச் சட்டம் போலவே எழுதவேண்டும்: சுருக்கமாக, ஒரு வரிக்கு ஒன்றாக, படித்தவுடன் ஆம் இல்லை என்று முடிவெடுக்கக் கூடியதாக. ஐந்து முதல் பத்து வரி போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களை எது காயப்படுத்தும் என்று யாருக்கும் விளக்கம் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

“சோகம் வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார், கேட்டிருப்பதோ மன்மதன் எரிந்துபோகும் கதை. எழுதுபவர் என்ன செய்வார்? எரிவதையே சொல்லக்கூடாதா? ரதி ஒப்பாரி வைக்கக்கூடாதா? இப்படிப்பட்ட ஒரு வரி, கேட்ட கதையையே எழுதமுடியாமல் செய்துவிடும். உண்மையில் அவர் சொல்ல நினைத்தது வேறாக இருக்கும். “மன்மதன் எரிவது வரலாம், அதற்காக ரதி அழுவதும் வரலாம். ஆனால் அவன் உயிர் பெறாமலே கதை முடியவேண்டாம்” என்று எழுதினால் எல்லை துலங்கிவிடும். வேண்டாதவற்றை எழுதி முடித்ததும், மூலக்கதையில் ஏற்கனவே நடக்கும் சம்பவங்களோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மோதும் இடத்தில் “மூலத்தில் உள்ள அளவுக்குச் சரி” என்றோ “மூலத்தில் இருந்தாலும் கதையில் காட்டவேண்டாம்” என்றோ சேர்த்துவிடுங்கள்.

அளக்கமுடியாத வரிகளும் சிக்கல் தரும். “மட்டமான நகைச்சுவை வேண்டாம்” என்றால் எது மட்டம் என்று யார் தீர்மானிப்பது? “ஆண் பெண் வேஷம் போடுவதைக் கேலி செய்யும் பகிடி வேண்டாம்” என்றால் எல்லோருக்கும் புரியும். “அடிதடி வேண்டாம்” என்பதைவிட “புருஷன் பெண்சாதியை அடிக்கும் காட்சி வேண்டாம், போர்க்களச் சண்டை பரவாயில்லை” என்பது தெளிவு. குடி, தற்கொலை, குழந்தைகளுக்கு நேரும் தீங்கு, காதல் காட்சி எந்த அளவு போகலாம் என்பது ஆகியவற்றை ஒருமுறையாவது யோசித்து, தேவையானதை எழுதிவிடுங்கள்.

காமன் கூத்து நமக்கு ஆட்டம் மட்டும் அல்ல. கம்பம் நட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து செய்யும் வழிபாடு. ஆகவே சாமி விஷயத்தில் உங்கள் எல்லை எது என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஈசனோடு ரதி சண்டை போடலாம், கோபப்படலாம், ஏன் எரித்தாய் என்று கேட்கலாம் என்று ஒருவர் விரும்பலாம். ஈசனை வேடிக்கைப் பாத்திரமாக்க வேண்டாம் என்று அவரே நினைக்கலாம். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் எழுதுபவர் துணிந்து முதல் பாதியை எழுதுவார். இரண்டாவதை மட்டும் சொன்னால் அவர் பயந்து ஈசனைக் கதைக்குள்ளேயே விடமாட்டார்.

சில வெறுப்புகளை வேண்டாதவற்றில் வைப்பதைவிடப் பிடித்தவற்றுக்கு மாற்றுவது மேல். மலையகத்து வாசகர் பலரிடம் உள்ள ஒன்று: தோட்டம் என்றதும் அட்டைக்கடியும் கண்ணீரும் மட்டுமே எழுதுகிறார்கள் என்ற சலிப்பு. “தோட்டத்து வறுமையைக் காட்டும் கதை வேண்டாம்” என்று சட்டமாக எழுதினால், ஒழுகும் கூரையைப் பற்றி ஒரு வரி எழுதக்கூட எழுதுபவர் தயங்குவார். அதையே இப்படிச் சொல்லலாம்: “லயத்து வாழ்க்கையின் பகிடியும் சண்டையும் திருவிழாவும் சேர்ந்து வரும் கதைகள் எனக்குப் பிடிக்கும். கஷ்டம் இருந்தாலும் மனிதர்கள் அதைவிடப் பெரிதாகத் தெரியவேண்டும்.” இப்போது அவருக்குத் திசை கிடைத்துவிட்டது. “ரதியை அழுமூஞ்சியாக எழுதுகிறவர்களைக் கண்டாலே பிடிக்காது” என்று முறைப்பதற்குப் பதில் “வாதாடும் ரதி, பிடிவாதக்கார ரதி எனக்குப் பிடிக்கும்” என்று எழுதுங்கள். கோபமான குறிப்பைப் படிப்பவர், தன் கதையும் அந்தக் கோபத்தில் மாட்டும் என்று அஞ்சியே எழுதுவார்.

பிடித்தவை என்ற பகுதி, பிராம்ப்ட் எதுவும் கைகொடுக்காதபோது எழுதுபவர் வந்து நிற்கும் இடம். “நல்ல கதை, அழகான நடை” என்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அது எல்லோருக்கும் பிடிக்கும். “பேசாமலே ஒருவர் வேலையை ஒருவர் பகிர்ந்துகொள்வது”, “கோபித்துக்கொண்டவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சமாதானமாவது”, “கிழவிகள் நிறையப் பேசும் கதை”, “மழைநாள்”, “கடிதங்களாலேயே சொல்லப்படும் கதை” என்று தொட்டுக் காட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும்.

ரதி மலைக்கு வந்தால்

மூலப் பாத்திரங்களை வேறு காலத்துக்கும் இடத்துக்கும் கொண்டுபோவதை ரசிகர்கள் ஏ.யூ. என்பார்கள். ரதி கொழுந்து பறிக்கிறாள், மன்மதன் கங்காணியின் பேச்சைக் கேட்டு எங்கேயோ போகிறான் என்பது போன்ற கதை. நம் பக்கத்தில் ஆசையோடு கேட்கப்படுவது இது. ஆனால் உங்களுக்கு வாய்ப்பவர் யாழ்ப்பாணத்துக்காரராகவோ மட்டக்களப்புக்காரராகவோ இருக்கலாம், தோட்டத்தைப் பார்த்தே இராதவராகவும் இருக்கலாம். அவருக்குச் சின்னச் சொற்பட்டியல் ஒன்று கொடுங்கள். லயம் என்பது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடு. காம்பரா அதில் ஒரு குடும்பத்துக்குரிய அறை. பெரட்டு என்பது காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. மடுவம் கொழுந்து நிறுக்கும் இடம். படங்கு என்பது பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்கு. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. இந்த ஆறு சொல் இருந்தாலே ஒரு காட்சியை அவர் நம்பிக்கையோடு தொடங்கிவிடுவார்.

காலத்தையும் குறிப்பிடுங்கள். “பழைய காலம்” என்றால் எந்தப் பழைய காலம்? மலைநாட்டு ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பதுளைக்கு 1924இல். 1910இல் நடக்கும் கதையில் மன்மதன் பதுளை ஸ்டேஷனில் வந்து இறங்கமுடியாது. இப்படி ஒரு விவரம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பிராம்ப்டிலேயே போட்டுவிடுங்கள், தேடும் வேலை மிச்சம். அதோடு, “சரித்திரப் பிழை இருந்தாலும் எனக்குக் கவலையில்லை” என்றோ “பிழை இருந்தால் என் மனம் அதிலேயே நிற்கும்” என்றோ உண்மையைச் சொல்லுங்கள். இரண்டாவது வகைக்காரர் என்றால் ஏ.யூ. கேட்காமலிருப்பதே நல்லது.

மொழியைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். உரையாடல் மலையகப் பேச்சில் இருக்கவேண்டுமா, எந்த ஊர்ப் பேச்சும் சம்மதமா, முழுக்க எழுத்துத் தமிழ் போதுமா? நம் பேச்சில்தான் வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. ஆனால் வெளியிலிருந்து எழுதுபவருக்கு அது மலையேற்றம். “வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் குறையில்லை” என்று வைத்துவிடுங்கள். நீளம் கேட்பதாக இருந்தால் பரிமாற்றத்தின் குறைந்தபட்ச அளவுக்கு மேலே கேட்காதீர்கள். 1000 சொல் விதி இருக்கும் இடத்தில் “நீண்ட கதை பிடிக்கும்” என்ற ஒரு வரிகூடச் சிலரை இரவு முழுவதும் விழிக்கவைக்கும்.

அனுப்புவதற்கு முன்

பிராம்ப்ட், பிடித்தவை, வேண்டாதவை எல்லாம் சேர்ந்த இந்தக் குறிப்பு, எழுதுபவருக்கு நீங்கள் எழுதும் ஒரு கடிதம். மூன்று மூலக்கதைகளுக்கு எழுதும் கடிதம் மொத்தம் 600 முதல் 900 சொல்லுக்குள் இருந்தால் போனில் படிக்கச் சிரமமில்லை. வேண்டாதவற்றை உச்சியில் வையுங்கள். நடுவில் எங்கேயோ ஒரு பிராம்ப்டின் வாலில் “ஆ, தூதன் சாகவேண்டாம்” என்று ஒளித்துவைத்தால் அவர் அதைத் தவறவிடுவார். தவறவிட்டால் நடத்துபவருக்குத்தான் பஞ்சாயத்து.

எழுதியதை ஒரு நாள் வைத்துவிட்டு, பரிமாற்றத்தில் சேராத ஒரு நண்பரிடம் கொடுங்கள். “இதில் ஏதாவது ஒன்றை எடுத்து, கதையின் முதல் காட்சியைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட்டால் பிராம்ப்ட் வேலை செய்கிறது. “அவ யாரு? அது எப்ப நடந்தது?” என்று திருப்பிக் கேட்டால் அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. இரண்டு பேரிடம் கொடுத்து இருவரும் ஒரே முதல் காட்சியைச் சொன்னால் பிராம்ப்ட் இறுகிப்போயிருக்கிறது, கொஞ்சம் தளர்த்துங்கள்.

பெயர்கள் பிரித்துக் கொடுத்த பிறகு கடிதத்தை மாற்றாதீர்கள். எழுதுபவர் முதல் நாளே தொடங்கியிருக்கலாம். பத்தாம் நாள் நீங்கள் புதிதாக ஒரு “வேண்டாம்” சேர்த்தால், அவர் எழுதிய பாதிக்கதை அதில் அடிபட்டுப்போகும். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். கட்டாயம் இன்னொன்றைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் நடத்துபவரிடம் சொல்லுங்கள், அவர் எழுதுபவரைக் கேட்டு முடிவு செய்வார். பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்குள்ளேயே கடிதம் முழுமையாக இருக்கவேண்டும் என்ற விதியை நடத்துபவர்கள் வைப்பது இதற்காகத்தான்.

சில வேளை உங்களுக்கு எழுத ஒப்புக்கொண்டவர் இடையில் விலகிவிடுவார். வேலை, சுகவீனம், எதுவாகவும் இருக்கலாம். அப்போது நடத்துபவர் வேறொருவரை அவசரமாகத் தேடுவார். அவருக்குக் கிடைப்பது ஒரு வாரமோ நான்கு நாளோதான். உங்கள் கடிதத்தை முதல் தடவை படிக்கும்போதே அவர் தொடங்கியாகவேண்டும். எல்லோருக்கும் ஒன்று கிடைத்த பிறகும், கடிதம் பிடித்துப்போய்த் தானாகவே இன்னொரு கதை எழுதித் தருகிறவர்களும் உண்டு. அப்படி வருபவர்கள் தேடி எடுப்பது பெரும்பாலும், சின்னதாக முடியக்கூடிய ஒரு பிராம்ப்டைத்தான். உங்கள் நான்கில் ஒன்றாவது அந்த அளவில் இருக்கட்டும்.

கதை திறந்த அன்று, நீங்கள் கேட்டதில் எது வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். பிறகு எழுதியவருக்கு நான்கு வரி எழுதுங்கள். கதையிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தை அதில் அப்படியே எடுத்துக் காட்டுங்கள். பெயர்கள் வெளிவரும் நாளுக்கு முன்பே அது அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.